ஜூன் 20: புலம்பெயர்ந்த எரித்திரியர்கள் யாரை, எப்படி நினைவுகூர்கிறார்கள்?

2023 கோடையில் ஜெர்மனியின் கீஸன், சுவீடனின் ஸ்டாக்ஹோம், இஸ்ரேலின் டெல் அவீவ் என்று மூன்று ஊர்களில் அடுத்தடுத்து, கிழக்கு ஆப்பிரிக்க நாடான எரித்திரியாவிலிருந்து வந்தவர்களுக்குள்ளேயே அடிதடி நடந்தது. ஒரு தரப்பு எரித்திரிய அரசு ஆதரவு விழாவுக்கு வந்தவர்கள். மறு தரப்பு அந்த விழாவைத் தடுக்க வந்தவர்கள். டெல் அவீவில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். செய்தியைப் பார்த்தவர்கள் உடனே இரண்டு முடிவுகளில் ஒன்றுக்கு வந்தார்கள். "அகதியா ஓடி வந்துட்டு, அதே அரசாங்கத்துக்கு விழா எடுக்கிறாங்களே, என்ன நியாயம்?" என்பது ஒன்று. "தியாகி, ஜூன் 20 தியாகிகள் நாள் எல்லாம் எரித்திரிய அதிபர் நடத்தும் பிரச்சாரம்" என்பது இன்னொன்று.

இரண்டிலும் கொஞ்சம் உண்மை கலந்திருப்பதால்தான் அவை சுலபமாகப் பரவுகின்றன. உள்ளே போய்ப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. எதிரெதிரே நின்ற இரு கூட்டமும் ஒரே இறந்தவர்களின் பெயரைச் சொல்லித்தான் சத்தியம் செய்கின்றன. எத்தியோப்பியாவுக்கு எதிரான விடுதலைப் போரில் உயிர்விட்டவர்களை மதிக்காத கூட்டம் என்று எதையும் அங்கே காட்டுவது கடினம். அந்த இறந்தவர்கள் எதற்காக இறந்தார்கள், இருப்பவர்களிடம் எதைக் கேட்கிறார்கள் என்பதில்தான் சண்டை. அது புரிய, போரின் வரலாற்றுக்குப் போகும் முன் ஒரு சாதாரணக் குடும்பத்தைப் பார்க்கலாம்.

சாகும்போது வாங்கிய வாக்கு

உயிர் பிரியும் நேரத்தில் ஒரு அப்பா மூத்த மகனின் கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்டைப் பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடுகிறார். பத்து வருடம் கழிகிறது. மூத்தவன் அந்த வீட்டிலேயே இருக்கிறான். கணக்கு வழக்கு எதையும் யாருக்கும் காட்டுவதில்லை. கேட்டால் "அப்பா என்கிட்டதான் ஒப்படைச்சார்" என்கிறான். இரண்டாமவன் வெளிநாட்டில் இருந்துகொண்டு கூரையை மாற்ற, சுண்ணாம்பு அடிக்க வருடா வருடம் பணம் அனுப்புகிறான். அவனுக்கு அதுதான் அப்பாவுக்குச் செய்யும் மரியாதை. கடைசித் தங்கையோ, "வீடுன்னு அப்பா சொன்னது சுவரையா? உள்ளே இருக்கிற நம்மளைத்தானே? என்னையே வாசலில் நிக்க வெச்சுட்டு என்ன வாக்கு காப்பாத்தறே?" என்று கேட்கிறாள்.

மூவரில் யாருமே அப்பா சொன்னதைத் தூக்கிப் போடவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொருவரும் தான்தான் அதற்கு உண்மையாக இருப்பதாக நம்புகிறார்கள். அதனாலேயே அந்தச் சண்டை சமாதானமாக முடிவதில்லை.

எரித்திரியாவில் பரவலாகப் பேசப்படும் மொழியான திக்ரிஞாவில் இப்படிப்பட்ட ஒப்படைப்புக்கு ஹித்ரி என்று பெயர். இறந்தவர் முடிக்காமல் விட்டுப்போன பொறுப்பு, அதை முடிக்க இருப்பவர்மேல் விழும் கடமை, இரண்டும் அதில் அடக்கம். எரித்திரியர்கள் தியாகிகளைப் பற்றிப் பேசும் இடமெல்லாம், பாட்டிலும் மேடையிலும் வீட்டுக் கூடத்திலும், இந்த ஹித்ரி வந்துவிடும். இந்தக் கட்டுரையில் நான் தியாகி என்று எழுதுவது போரில் உயிர்விட்டவரை மட்டும். உயிரோடு திரும்பிய போராளிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் தெகாதலாய்.

அறுபத்தைந்தாயிரம் பேர் எப்படி இறந்தார்கள்?

எரித்திரியா செங்கடலின் ஓரத்தில் இருக்கும் சிறிய நாடு. 1890 முதல் இத்தாலியின் காலனி. 1941இல் இத்தாலியைத் தோற்கடித்த பிரிட்டன் அதை நிர்வகித்தது. 1950இல் ஐநா பொதுச்சபை அதை எத்தியோப்பியாவோடு ஒரு கூட்டாட்சியாக இணைக்க முடிவெடுத்தது, 1952இல் அது நடைமுறைக்கு வந்தது. தனி நாடாளுமன்றம், தனிக் கொடி என்று கொடுத்த உரிமைகளைப் பேரரசர் ஹைலே செலாசியின் ஆட்சி ஒவ்வொன்றாகப் பறித்து, 1962 நவம்பரில் எரித்திரியாவைத் தன் மாகாணங்களில் ஒன்றாக ஆக்கிக்கொண்டது.

அதற்கு முந்தைய ஆண்டே துப்பாக்கி வெடித்துவிட்டது. 1961 செப்டம்பர் 1 அன்று ஆதால் மலையில் ஹாமித் இத்ரிஸ் அவாதே என்பவரின் தலைமையில் சிறு குழு ஒன்று முதல் சண்டையைத் தொடங்கியது. அப்புறம் முப்பது வருடப் போர். முதலில் எரித்திரிய விடுதலை முன்னணி, பேச்சுவழக்கில் ஜெப்ஹா. அதிலிருந்து பிரிந்தவர்கள் 1970களில் கட்டியது எரித்திரிய மக்கள் விடுதலை முன்னணி, பேச்சுவழக்கில் ஷாபியா. இந்த இரண்டும் எத்தியோப்பியாவோடு மட்டுமா சண்டை போட்டன? 1970களின் தொடக்கத்திலும் 1980, 81லும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. தோற்ற ஜெப்ஹாவின் படை சூடானுக்குள் தள்ளப்பட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஷாபியா வடக்கே நக்ஃபா மலைகளில் பதுங்குகுழிகள் தோண்டி, பூமிக்கடியில் மருத்துவமனை நடத்தி, வருடக்கணக்கில் தாக்குப்பிடித்தது. நாட்டின் நாணயத்துக்கே 1997இல் நக்ஃபா என்று பெயர் வைத்தார்கள். படையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெண்கள். 1988இல் அஃபாபெத் நகரம், 1990இல் மசாவா துறைமுகம், 1991 மே 24இல் தலைநகர் அஸ்மாரா என்று வெற்றி வந்தது. 1993 ஏப்ரலில் பொதுவாக்கெடுப்பு. சூடானிலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருந்த எரித்திரியர்களும் அதில் வாக்களித்தார்கள். 99.8 சதவீதம் பேர் தனிநாட்டுக்கு ஆதரவு.

விடுதலைப் போரில் இறந்த போராளிகள் சுமார் 65,000 பேர் என்பது அரசு சொல்லும் கணக்கு. அந்த வாக்கெடுப்பில் ஓட்டுப் போட்டவர்களே சுமார் 11 லட்சம்தான். அதாவது பதினேழு வாக்காளருக்கு ஒரு பிணம். வெளிநாட்டில் இருக்கும் எந்த எரித்திரியக் குடும்பத்திலும் சட்டம் போட்ட புகைப்படம் ஒன்று சுவரில் தொங்குவது ஏன் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

சுருக்கமாக இதுவரை: சிறிய மக்கள்தொகை, நீண்ட போர், ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒரு இழப்பு. இறந்தவர்கள் இருப்பவர்களிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள் என்ற நம்பிக்கை.

வராத செய்தி, இல்லாத உடல்

இங்கேதான் எரித்திரிய நினைவுகூரலின் தனித்தன்மை தொடங்குகிறது. பல விளக்கங்கள் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன.

போர் நடக்கும்போது யார் செத்தார்கள் என்பதை முன்னணி வெளியே சொல்லாது. காரணம் இருந்தது. இழப்பு தெரிந்தால் எதிரிக்குத் தெம்பு, தன் பக்கம் சோர்வு. மகன் களத்துக்குப் போனது எத்தியோப்பிய நிர்வாகத்துக்குத் தெரிந்தால் நகரத்தில் இருக்கும் குடும்பத்துக்கும் ஆபத்து. அதனால் பதினைந்து வருடத்துக்கு முன் வீட்டை விட்டுப் போன மகள் இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமலே பெற்றோர் காலம் தள்ளினார்கள். 1991 மே மாதம் போராளிகள் அஸ்மாராவுக்குள் வந்தபோது மக்கள் தெருவில் நின்று ஆடினார்கள், பாடினார்கள், அதே நேரம் ஒவ்வொரு முகமாகத் தேடினார்கள். கூடவே போரிட்டவர்களைப் பிடித்துக் கேட்டால் நேரான பதில் வராது. அதிகாரபூர்வமாகச் செய்தியும் தியாகிச் சான்றிதழும் அதற்குப் பிறகுதான் வீடு வந்தன.

ரோமிலோ வாஷிங்டனிலோ இருந்தவர்களுக்கு இந்தத் தெருவும் இல்லை. தொலைபேசியில், யாரோ ஊருக்குப் போய்வந்தவர் மூலமாகத்தான் தெரியவரும்.

துக்கத்துக்கு ஒரு முறை இருக்கிறது. எரித்திரியர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் கிறிஸ்தவர், பாதிப்பேர் முஸ்லிம். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் இறந்தவருக்காகத் தெஸ்கார் என்ற நினைவு விருந்து வைப்பார்கள். 40ஆம் நாள், ஓராண்டு என்று அதற்குக் கணக்கு உண்டு. முஸ்லிம்களுக்கு அவர்களுடைய தொழுகையும் தானமும். எந்தச் சடங்கானாலும் அதைச் செய்ய ஒரு தேதி வேண்டும், முடிந்தால் ஒரு கல்லறையும் வேண்டும். களத்தில் எந்த மலையில், எந்த மாதத்தில் விழுந்தான் என்றே தெரியாதவனுக்கு எந்த நாளில் விருந்து வைப்பது?

ஜூன் 20 என்ற தியாகிகள் நாள் நிரப்பும் வெற்றிடம் இதுதான் என்பது என் கருத்து. எந்த மதத்தின் நாட்காட்டியிலும் இல்லாத பொது நாள் அது. தேதி தெரியாத சாவுகளுக்கெல்லாம் ஒரு தேதி. கெரென் நகரத்துப் பக்கத்து முஸ்லிம் தாயும் மேட்டுநிலத்து ஆர்த்தடாக்ஸ் தாயும் ஒரே நாளில் அழலாம். அரசு அறிவித்த நாள் என்பது உண்மைதான். ஆனால் அரசு சொன்னதால் மட்டும் ஒரு தாய் ஃபிராங்க்ஃபர்ட்டில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டு நிற்பதில்லை.

அந்த மண்டபத்தில் என்ன நடக்கும்?

அஸ்மாராவில் ஜூன் 19 மாலை மெழுகுவர்த்தி ஏந்திய ஊர்வலம் நடக்கும். மறுநாள் தியாகிகள் கல்லறைத் தோட்டத்தில் மலர் வைப்பார்கள், மரக்கன்று நடுவார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் இதன் சிறிய வடிவத்தை வாடகை மண்டபத்திலோ சமூகக் கூடத்திலோ நடத்துகிறார்கள். வேலைநாளாக இருந்தால் பக்கத்து வார இறுதிக்குத் தள்ளிவிடுவார்கள்.

விளக்கை அணைத்து மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். மௌன அஞ்சலி. கவிதை, பாட்டு, யாராவது ஒரு முன்னாள் போராளியின் பேச்சு. தியாகிகளின் தாய்மார்களுக்கும் உறவினர்களுக்கும் முன்வரிசையில் இடம். அந்நாட்டிலேயே பிறந்த பிள்ளைகள் போர்க்களக் காட்சியை நாடகமாகப் போடுவார்கள், காலில் கறுப்பு பிளாஸ்டிக் செருப்போடு. அந்தச் செருப்புக்கு ஷிதா என்று பெயர். களத்தில் போராளிகள் எல்லோரும் போட்டது. அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே செருப்பு. அஸ்மாராவில் அந்தச் செருப்புக்கு ஆளுயரத்துக்கும் மேலான நினைவுச்சின்னமே இருக்கிறது. உலகத்தில் தளபதிக்குச் சிலை வைத்த நாடுகள் ஏராளம், செருப்புக்கு வைத்த நாடு அபூர்வம்.

மௌன அஞ்சலி ஜூன் 20க்கு மட்டுமானது என்று நினைத்துவிட வேண்டாம். சுதந்திர நாள் விழா, சங்கக் கூட்டம், நன்கொடைக் கூட்டம் என்று எதுவானாலும் தியாகிகளுக்காக ஒரு நிமிடம் எழுந்து நின்றுவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவது வழக்கம்.

வீட்டுக்குள் இருக்கும் நினைவு இன்னும் அமைதியானது. சுவரில் புகைப்படம். காப்பிச் சடங்கு நடக்கும்போது, அதாவது கொட்டையை வறுத்து, இடித்து, மூன்று சுற்று ஊற்றிக் குடிக்கும் அந்த ஒன்றரை மணி நேரத்தில், பெரியவர்கள் வாயிலிருந்து வரும் கதைகள். பிள்ளைகளுக்கு வைக்கும் பெயர்களிலும் போர் இருக்கும்: வெற்றி என்று பொருள்படும் அவெத், சுதந்திரம் என்று பொருள்படும் நத்ஸ்நெத். ஆஸ்லோவில் பிறந்த ஒரு சிறுமி பள்ளியில் தன் பெயருக்கு விளக்கம் சொல்லும்போது ஒரு போரின் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சுருக்கமாக: மண்டபத்து நினைவு பொதுவானது, அமைப்பு ரீதியானது. வீட்டு நினைவு குடும்பத்துக்கு உரியது. இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

பணம் எங்கே உள்ளே வருகிறது?

வெளிநாட்டு எரித்திரியர்களின் நினைவு வெறும் அழுகையாக எப்போதும் இருந்ததில்லை. போர் நடந்த காலத்திலேயே அது நிதி திரட்டலோடு சேர்ந்துதான் வளர்ந்தது. 1974 முதல் 1991 வரை இத்தாலியின் போலோன்யா நகரில் கோடைதோறும் ஷாபியா ஆதரவாளர்களின் பெரிய விழா நடக்கும். ஐரோப்பா முழுவதிலுமிருந்தும், அமெரிக்காவிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். விடுமுறையைச் சேமித்து வைத்து, இத்தாலிய வீடுகளில் வேலைசெய்த பெண்கள் வருவார்கள். களத்துச் செய்தி, களத்துப் பாடகர்களின் பாட்டு, நன்கொடை எல்லாம் ஒரே இடத்தில். கழுத்தில் இருந்த தங்கத்தைக் கழற்றிக் கொடுத்த பெண்களைப் பற்றிய பேச்சு இன்றைக்கும் உண்டு.

களத்தில் இருப்பவன் உயிரைக் கொடுக்கிறான், நாம் சம்பளத்தையாவது கொடுக்க வேண்டாமா என்ற எண்ணம் அங்கே இறுகியது. சொல்லப்போனால் பாதுகாப்பாக இருப்பதன் குற்ற உணர்ச்சியை அடைக்கும் வழி அது. மேலே சொன்ன குடும்பத்தில் கூரைக்குப் பணம் அனுப்பும் இரண்டாமவனை நினைத்துக்கொள்ளுங்கள்.

விடுதலைக்குப் பிறகு இந்தப் பழக்கத்துக்கு அரசு சட்ட வடிவம் கொடுத்தது. வெளிநாட்டில் வாழும் எரித்திரியர் தன் வருமானத்தில் 2 சதவீதத்தை வரியாகக் கட்ட வேண்டும் என்பது 1990களிலிருந்து நடைமுறை. நாட்டை மீளக் கட்டவும், தியாகிகளின் குடும்பங்களுக்கும் போரில் ஊனமுற்றவர்களுக்கும் உதவவும் என்பது அரசு சொல்லும் காரணம். கட்டினால்தான் பாஸ்போர்ட்டைப் புதுப்பிப்பது, ஊரில் சொத்து தொடர்பான வேலைகள் போன்றவை நடக்கும். இது தவிர, ஒரு தியாகிக் குடும்பத்தைப் பொறுப்பேற்று மாதாமாதம் உதவுவதும் உண்டு. பலர் இதை மனமுவந்து செய்கிறார்கள்.

மனமில்லாதவர்களும் கட்ட வேண்டியிருந்தது என்பதுதான் சிக்கல். 2011 டிசம்பரில் ஐநா பாதுகாப்புச் சபை, மிரட்டியும் ஏமாற்றியும் இந்த வரியை வசூலிப்பதை நிறுத்தச் சொல்லித் தீர்மானம் போட்டது. 2013இல் கனடா, டொரன்டோவில் இருந்த எரித்திரியத் துணைத் தூதரக அதிகாரியை இந்த விஷயத்துக்காகவே வெளியேற்றியது. இறந்தவர்கள் பெயரால் கேட்கும்போது இல்லை என்று சொல்வது கடினம். வசூலிப்பவருக்கும் அது தெரியும்.

ஒரே இறந்தவர்கள், இரண்டு வாரிசுகள்

இனி சண்டைக்கு வருவோம். வெளிநாட்டில் வாழும் எரித்திரியர்களை ஒரே கூட்டமாகப் பார்ப்பதுதான் பெரிய தவறு. தோராயமாக இரண்டு அலைகள்.

முதல் அலை, போர்க்காலத்தில் எத்தியோப்பிய ஆட்சியிலிருந்து தப்பி வந்தவர்கள். சூடான் வழியாக இத்தாலி, ஜெர்மனி, சுவீடன், சவூதி, அமெரிக்கா என்று போனவர்கள். இவர்களுக்கு எதிரி எத்தியோப்பியா. ஷாபியா என்றால் விடுதலை கொண்டுவந்த பிள்ளைகள். (ஜெப்ஹாவைச் சேர்ந்தவர்கள் இதே அலையில் வந்தாலும் அவர்கள் பார்வை வேறு.)

இரண்டாம் அலை, விடுதலை பெற்ற நாட்டிலிருந்தே ஓடிவந்தவர்கள். ஷாபியா 1994இல் பெயரை மாற்றிக்கொண்டு ஆளும் கட்சியானது. விடுதலைப் போரின் தளபதியான இசையாஸ் அஃபெவர்க்கிதான் 1993இலிருந்து அதிபர். 1997இல் ஏற்கப்பட்ட அரசியல் சாசனம் நடைமுறைக்கு வரவில்லை, தேசியத் தேர்தல் ஒன்றுகூட நடக்கவில்லை. 1998 முதல் 2000 வரை எத்தியோப்பியாவோடு எல்லைப்போர். 18 மாதம் என்று சட்டம் சொன்ன கட்டாயத் தேசியச் சேவை அதன் பிறகு முடிவே இல்லாததாக மாறியது. அதிலிருந்து தப்பி வந்த இளைஞர்களும் சேர்ந்து, 2010களின் இறுதியில் உலகெங்கும் சுமார் 5 லட்சம் எரித்திரியர்கள் அகதிகளாகவோ தஞ்சம் கோருபவர்களாகவோ இருந்தார்கள்.

"அகதியாக வந்து அரசுக்கு விழா எடுக்கிறார்கள்" என்ற குற்றச்சாட்டு இந்த இரண்டு அலைகளையும் குழப்பிக்கொள்வதால் வருகிறது. விழா எடுப்பவர்களில் பெரும்பாலோர் முதல் அலைக்காரர்களும் அவர்கள் பிள்ளைகளும். அவர்கள் ஓடிவந்தது இந்த அரசிடமிருந்து அல்ல. தடுக்க வருபவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் அலை. விதிவிலக்குகள் இரு பக்கமும் உண்டு, அது வேறு கதை.

இப்போது ஹித்ரியை இதில் பொருத்திப் பாருங்கள். முதல் தரப்பின் வாதம்: தியாகிகள் விட்டுப்போனது இந்த நாடு, இதன் எல்லை, இதன் கொடி. அதைக் காப்பது நம் கடமை, நாட்டைக் குறைசொல்வது அவர்கள் இரத்தத்தை மிதிப்பது. கொடியின் சிவப்பு முக்கோணமே அவர்கள் சிந்திய இரத்தம்தான். இரண்டாம் தரப்பின் வாதம்: அவர்கள் செத்தது சுதந்திரத்துக்காக. சாசனம் இல்லாத, தேர்தல் இல்லாத, விசாரணையில்லாமல் ஆட்களை அடைத்துவைக்கும் நாட்டுக்காக அல்ல. எங்கள் போராட்டம்தான் அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்வது.

கொடியிலும் இந்தப் பிளவு தெரியும். எதிர்ப்பாளர்கள் இன்றைய கொடியை விட்டுவிட்டு, 1952 கூட்டாட்சிக் காலத்து வெளிர்நீலக் கொடியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அதில் ஆலிவ் கிளை உண்டு, சிவப்பு கிடையாது.

இது 2022, 23இல் திடீரென்று வெடித்ததும் இல்லை. 2014இல் போலோன்யா விழாவின் நாற்பதாம் ஆண்டைக் கொண்டாடியபோதே எதிர்ப்பாளர்கள் வந்து நின்றார்கள், மோதலும் நடந்தது. விழா நடந்த ஊரே ஒரு தரப்புக்குப் பெருமை, மறு தரப்புக்குப் பறிபோன பெருமை.

சுருக்கமாக: முதல் அலைக்கும் இரண்டாம் அலைக்கும் தியாகிகள் ஒன்றுதான். அவர்கள் கேட்டது நாட்டையா, நாட்டுக்குள் இருக்கும் மனிதர்களின் சுதந்திரத்தையா என்பதில் பிரிகிறார்கள். அந்தத் தங்கை வாசலில் நின்று கேட்ட அதே கேள்வி.

பட்டியலில் இடம் கிடைக்காதவர்கள்

யாரை நினைக்கிறோம் என்பதைவிட யாரைச் சேர்க்காமல் விடுகிறோம் என்பது சில நேரம் அதிகம் சொல்லும்.

இரு முன்னணிகளும் ஒன்றையொன்று கொன்ற சண்டையில் இறந்தவர்கள் எந்தத் தரப்பின் தியாகிகள்? வென்றவர்கள் எழுதிய கதையில் ஜெப்ஹாவின் இறந்தவர்களுக்குக் கிடைத்த இடம் மிகக் குறுகியது. அவர்களுடைய பழைய தோழர்கள் வெளிநாட்டில் தனியாகக் கூடி நினைவுகூர்கிறார்கள். ஷாபியாவுக்குள்ளேயே 1973இல் தலைமையைக் கேள்வி கேட்ட மென்கா என்ற குழுவினர் மரண தண்டனைக்கு ஆளானார்கள். அவர்களும் விடுதலைக்காகக் களத்துக்குப் போனவர்கள்தான்.

2001 செப்டம்பரில், அதிபரிடம் சீர்திருத்தம் கேட்டுக் கடிதம் எழுதிய மூத்த தலைவர்களில் 11 பேரை அரசு கைது செய்தது. அவர்களில் பலர் விடுதலைப் போரின் பெயர்பெற்ற தளபதிகள். இன்றுவரை விசாரணை இல்லை. ஒரு பக்கம் தோழர்களுக்கு மெழுகுவர்த்தி, இன்னொரு பக்கம் அதே தோழர்களோடு பதுங்குகுழியில் கிடந்தவர்கள் சிறையில். எதிர்ப்பாளர்கள் ஜூன் 20 அன்று திரும்பத் திரும்பச் சொல்வது இந்த முரணைத்தான், அதற்கு அரசு ஆதரவு மேடைகளில் நான் நிறைவான பதில் எதையும் கண்டதில்லை.

ஆயுதம் தூக்காத மக்களும் இருக்கிறார்கள். 1970 நவம்பர் கடைசியில் பெசிக்திரா, டிசம்பர் 1இல் ஓனா என்று கெரென் அருகே இரண்டு ஊர்களில் எத்தியோப்பியப் படை பொதுமக்களைக் கூட்டமாகக் கொன்றது. 1988 மே மாதம் ஷெயிப் என்ற ஊரில் நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். 65,000 என்ற கணக்கு போராளிகளைப் பற்றியது. இவர்கள் அதற்கு வெளியே.

அப்புறம் எல்லைப்போர். அதில் 19,000 பேர் இறந்ததாக 2001இல் அரசு அறிவித்தது. எண் வந்தது, பெயர்கள் வரவில்லை. தங்கள் பிள்ளை அந்தப் பத்தொன்பதாயிரத்தில் இருக்கிறானா என்று தெரிந்துகொள்ளக் குடும்பங்கள் மேலும் காத்திருந்தன. விடுதலைப் போர்க்காலத்து ரகசியத்துக்குப் போர்க்காலம் என்ற காரணமாவது இருந்தது. சண்டை முடிந்த பிறகும் அதே பழக்கம் தொடர்ந்ததை வெளிநாட்டில் இருந்தவர்கள் பலரால் ஏற்க முடியவில்லை. பின்னர் அரசை விமர்சிக்கும் அவாதே என்ற இணையதளம் (1961இல் முதல் சண்டையைத் தொடங்கினாரே, அவர் பெயர்தான்) இறந்தவர்களின் பெயர்ப்பட்டியலைத் தானே வெளியிட்டது. நினைவுகூரும் வேலையை அரசிடமிருந்து புலம்பெயர்ந்தவர்கள் பகிரங்கமாக எடுத்துக்கொண்ட தருணம் அது என்று சொல்லலாம். 2020இல் வட எத்தியோப்பியாவில் தொடங்கிய தீக்ராய் போரிலும் எரித்திரியப் படை சண்டையிட்டது. அதில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று அரசு எண்ணைக்கூட அறிவிக்கவில்லை.

2013 அக்டோபர் 3 அன்று இத்தாலியின் லாம்பெடூசா தீவுக்கு அருகே ஒரு படகு கவிழ்ந்து 368 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் எரித்திரியர்கள். அந்த நாளை இத்தாலி 2016 முதல் நினைவு நாளாகக் கடைப்பிடிக்கிறது. இரண்டாம் அலையில் வந்தவர்களுக்கு ஜூன் 20க்குச் சமமாக, சிலருக்கு அதைவிட நெருக்கமாக, இந்த நாள் இருக்கிறது. விடுதலைப் போராளியையும் கடலில் மூழ்கிய அகதியையும் ஒரே வரிசையில் வைக்கலாமா? முதல் அலைப் பெரியவர்களில் பலருக்கு இந்தக் கேள்வியே கோபத்தை வரவழைக்கும். மூழ்கியவர்களில் தியாகிகளின் பிள்ளைகளும் இருந்திருக்கலாமே என்று திருப்பிக் கேட்கும் இளைஞர்களுக்கும் பஞ்சமில்லை.

அடுத்த முறை செய்தி வரும்போது

ஒரு எரித்திரியக் கூட்டத்தைப் பற்றிய செய்தியோ காணொளியோ கண்ணில் பட்டால், சில விஷயங்களைக் கவனித்தாலே பாதி விளங்கிவிடும். கொடியில் சிவப்பு முக்கோணம் இருக்கிறதா, வெளிர்நீலமா? கூட்டத்தைக் கூட்டியது தூதரகத்தோடு தொடர்புள்ள சங்கமா, தனிப்பட்டவர்களா? நாள் எது? மே 24 சுதந்திர நாள், ஜூன் 20 தியாகிகள் நாள், செப்டம்பர் 1 ஆயுதப் போராட்டம் தொடங்கிய நாள், அக்டோபர் 3 லாம்பெடூசா. வந்திருப்பவர்கள் 1980களில் வந்த தலைமுறையா, 2010களில் கடல் தாண்டியவர்களா?

மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு ஒரு அம்மா அழுவதைக் காட்டினால் அதை அரசு ஆதரவு என்றோ எதிர்ப்பு என்றோ உடனே கணக்கில் எழுதிவிட வேண்டாம். அவர் மகன் விடுதலைப் போரில் போயிருக்கலாம், பேரன் தேசியச் சேவையிலிருந்து தப்பி இப்போது சுவீடன் முகாமில் இருக்கலாம். வரியும் கட்டுவார், அதிபரையும் திட்டுவார். இப்படி இரண்டு தரப்பிலும் கால்வைத்து நிற்பவர்கள் செய்தியில் வருவதில்லை, ஏனென்றால் அவர்கள் யார் மண்டையையும் உடைப்பதில்லை.